படுக்கையருகே ஆசிரியர் யார்?

பிரெஞ்சு அரசாங்கம் 1823-ஆம் ஆண்டிலேயே புதுச்சேரியில் ஒரு வைத்தியப் பாடசாலையை ஏற்படுத்திற்று என்பதும், மேல்நாட்டு வைத்தியத்தை இந்தியாவில் முறையாகக் கற்பித்த மிகப் பழைய ஸ்தாபனங்களுள் அஃது ஒன்று என்பதும், 1954 நவம்பரில் ஆட்சி கைமாறிய பின் அது 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாக உருவெடுத்து, 1964-இல் ஜவாஹர்லால் நேருவின் பெயரைப் பூண்டு ஜிப்மர் ஆகி, 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற அந்தஸ்தை அடைந்தது என்பதும் இவ்வூரார் பலரும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விஷயங்கள். அதே ஸ்தாபனத்தில் செவிலியர்க்கான பட்டப் படிப்பு 2006-ஆம் ஆண்டில்தான் ஆரம்பமாயிற்று என்பதை மட்டும் எவரும் சொல்லிக்கொள்வதில்லை. டாக்டருக்குப் பாடம் சொல்லத் தொடங்கியதற்கும் நர்ஸுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதற்கும் இடையே 183 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. இந்த இடைவெளிக்காக இன்று யாரையும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆயினும், இவ்வளவு தாமதமாக வந்த ஒரு கல்வியை, வந்த பிறகாவது சரியாக நடத்துகிறோமா என்று கேட்கும் உரிமை வரி கொடுப்பவர்க்கும் நோய்வாய்ப்படக் கூடியவர்க்கும், அதாவது நம் அனைவர்க்கும், உண்டு.

கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஏழெட்டு மருத்துவக் கல்லூரிகளைத் தன் சின்னஞ்சிறு எல்லைக்குள் அடக்கிக்கொண்டிருக்கும் இந்த வட்டாரத்தில், அவற்றை ஒட்டியும் ஒட்டாமலும் எழுந்திருக்கும் செவிலியர் கல்லூரிகளை எண்ணப் புகுந்தால் கைவிரல்கள் போதா. கோரிமேட்டில் ஜிப்மரும் அன்னை தெரசா பெயரால் அமைந்த அரசு நிலையமும் இருக்க, வடக்கே காலாப்பட்டு, மேற்கே அரியூர், மதகடிப்பட்டு, தெற்கே கிருமாம்பாக்கம் என்று நெடுஞ்சாலைகள் போகுமிடமெல்லாம் பெயர்ப்பலகைகள் தென்படுகின்றன. காலை ஆறரை மணிக்குக் கடலூர் சாலையிலோ விழுப்புரம் சாலையிலோ நிற்பவர்கள், சீருடையணிந்து, தலைமுடியை வலைக்குள் அடக்கிக் கொண்டையிட்டு, மடியில் ரெக்கார்டு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு போகும் மாணவியரையும், இப்போதெல்லாம் அவர்களோடு சில மாணவர்களையும், பஸ் பஸ்ஸாகக் காணலாம். வளைகுடா நாடுகள், பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி என்று உத்தியோக வாய்ப்புகள் விரிந்திருக்கும் காலத்தில், நிலத்தை அடகு வைத்தாவது மகளை இந்தப் படிப்பில் சேர்க்கும் தகப்பன்மார் பெருகியிருப்பதில் வியப்பொன்றுமில்லை. புதுச்சேரியின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக்கின் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று விசாரிக்காத பெற்றோர் இல்லை. எந்த மருத்துவமனையில், எத்தனை நோயாளிகளிடையே, யாருடைய மேற்பார்வையில் என் மகள் வேலை கற்றுக்கொள்வாள் என்று கேட்பவர்தான் அரிது.

அந்தக் கேள்வியே முதன்மையானது என்பது என் அபிப்பிராயம். செவிலியர் படிப்பு என்பது வகுப்பறையில் நடந்து மருத்துவமனையில் ஒத்திகை பார்க்கப்படுவதன்று. மருத்துவமனையில் நடப்பது, வகுப்பறை அதற்கு முகவுரை. இந்திய நர்சிங் கவுன்சிலே இதை மறுக்கவில்லை. எட்டு செமஸ்டர்களாகத் திருத்தியமைக்கப்பட்டு 2021-இல் அரசிதழில் வெளியான அதன் பாடத்திட்டத்தின்படி, கடைசிச் செமஸ்டரில் மாணவி வாரத்துக்கு 48 மணி வீதம் 22 வாரங்கள், ஆக 1,056 மணி நேரம், வார்டிலேயே கழிக்க வேண்டும். தேர்வெழுத 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் பெறுவதற்கு முன்னர் ஒவ்வொரு பிரிவிலும் செய்முறைப் பயிற்சிக்கான வருகை நூற்றுக்கு நூறு இருந்தே ஆகவேண்டும். அறுவைச் சிகிச்சை வார்டில் ஒரு நாள் தவறிப்போனால் அந்த ஒரு நாளை ஈடுசெய்த பிறகே சான்றிதழ். வேறு எந்தப் பட்டப் படிப்பிலும் இப்படியொரு கண்டிப்பை நான் கேள்விப்பட்டதில்லை. மிகச் சரியான கண்டிப்புத்தான். ஆயினும் வருகைப் பதிவேடு எதைக் காட்டும்? மாணவி அங்கே நின்றாள் என்பதைக் காட்டும். நின்றவள் கற்றாளா, கற்றாளெனில் யாரிடம் கற்றாள் என்பதை அது காட்டாது.

முதல் ஆண்டு மாணவி வார்டில் என்ன கற்க வேண்டுமென்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது ஊசி போடுகிற, மாத்திரை கொடுக்கிற வேலையாகவே தோன்றுகிறது. படுத்திருக்கும் நோயாளியை எழுப்பாமலே, அவர் உடம்பு அசங்காமல், விரிப்பை மாற்றும் வித்தை முதலில் வருகிறது. பிறகு உடல் வெப்பம், நாடி, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து எழுதுவது. கையிலிருக்கும் கருவி எந்த எண்ணைக் காட்டினாலும், எதிரே கிடப்பவரின் உதடு நீலம் பாரித்திருந்தால் எண்ணை நம்பாமல் கண்ணை நம்பவேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில்தான் அடக்கம். பக்கவாதம் வந்து கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்து, எலும்பு துருத்தும் இடங்களைத் தடவிப் பார்த்து, படுக்கைப்புண் வருவதற்கு முன் தோன்றும் அந்தச் சிவப்பை இனங்காண்பது. உள்ளே சென்ற நீரையும் வெளியேறிய சிறுநீரையும் மில்லிலிட்டர் கணக்கில் குறித்து, சிறுநீரகம் சோர்ந்துவருவதை டாக்டருக்கு முன்பே ஊகிப்பது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வோர் ஊசிக்கும் மனத்துக்குள் சொல்லிக்கொள்வது. இரவு டியூட்டிக்கு வருபவளிடம் ஒவ்வொரு கட்டிலாக நின்று பொறுப்பை ஒப்படைக்கும்போது எதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து என்று தெரிந்துகொள்வது. இவற்றுள் எதையும் புத்தகத்தைப் பார்த்து அறிய முடியுமே தவிர, புத்தகத்தைப் பார்த்துச் செய்ய முடியாது. பொம்மையின் கையில் ஆயிரம் முறை நரம்பூசி ஏற்றிப் பழகியவளும், எழுபது வயதுக் கிழவியின் காகிதம் போன்ற தோலுக்கடியில் உருண்டோடும் நரம்பை முதல் முறை தொடும்போது, பக்கத்தில் ஒருவர் நின்று, "கட்டை விரலால் கீழே இழுத்துப் பிடிச்சுக்கோ, இப்ப போடு" என்று சொன்னால்தான் போடுவாள்.

அந்தப் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

காகிதத்தில் விடை உண்டு: பத்து மாணவியருக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சில் விதித்த விகிதம். கல்லூரியிலிருந்து டியூட்டர் ஒருவர் மாணவியரோடு வார்டுக்கு வருகிறார். ஆனால் அந்த வார்டு அவருடையதன்று. எந்த நோயாளிக்கும் அவர் பொறுப்பாளியல்லர். மருந்துப் பெட்டியின் சாவி அவரிடம் இல்லை. கேஸ் ஷீட்டில் அவர் கையெழுத்துச் செல்லாது. அன்று காலை டாக்டர்கள் சுற்றிவந்தபோது என்ன முடிவானதென்பதுகூட விசாரித்தால்தான் அவருக்குத் தெரியும். இங்கிதமுள்ள விருந்தாளிபோல அவர் ஓரமாக நின்று, வார்டு சிஸ்டரின் முகக்குறிப்பைப் பார்த்து, அனுமதி கிடைத்த நோயாளியிடம் அனுமதி கிடைத்த அளவுக்குக் கற்பிக்கிறார். மறுபுறம் வார்டு சிஸ்டருக்கோ எல்லாப் பொறுப்பும் உண்டு, கற்பிக்கும் கடமை மட்டும் இல்லை. அதற்கென ஒரு காசும் இல்லை, அவருடைய பதவி உயர்வில் அதற்கென ஒரு மதிப்பெண்ணும் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் இருக்கவேண்டுமென்பது கவுன்சிலின் கணக்கு. எந்தப் பொது வார்டுக்குள்ளும் ஒரு பிற்பகல் சென்று வந்தவர்க்கு அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறதென்று நான் சொல்லத் தேவையில்லை. இருபது முப்பது பேரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, நேற்று வந்த பெண்ணுக்கு நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுக்கவில்லையென்று கோபித்துக்கொள்வது நியாயமாகாது. ஆக, கற்பிக்கக் கடமைப்பட்டவருக்கு அதிகாரமில்லை, அதிகாரமுள்ளவருக்குக் கடமையில்லை. இவ்விருவர்க்குமிடையே மாணவி நிற்கிறாள்.

இதன் விளைவு இரண்டு விதமாக வெளிப்படுகிறது. ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினும் இரண்டும் ஒரே வார்டில், சில சமயம் ஒரே காலையில், நிகழக் காணலாம். நெருங்கிய உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் நான் இருக்க நேர்ந்தபோது (எது என்று சொல்லப்போவதில்லை, எல்லாவற்றுக்கும் பொருந்துமென்றே நினைக்கிறேன்) அடுத்த கட்டிலைச் சுற்றி மூன்று வெவ்வேறு சீருடைகளில் பதினைந்து மாணவியர் நின்றிருந்தார்கள். மூன்று கல்லூரிகள், ஒரு நோயாளி, அவருக்கு ஒரு கட்டு மாற்றவேண்டும். ஒருத்தி மாற்றினாள், இருவர் கருவி எடுத்துக்கொடுத்தார்கள், மற்றவர்கள் முன்னால் நிற்பவளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். அன்று மாலை பதினைந்து ரெக்கார்டு நோட்டுகளிலும் "காயத்துக்குக் கட்டு மாற்றினேன்" என்று எழுதப்பட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே மாணவியர்தாம், ஒரு மணி நேரங் கழித்து, இரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோகவும், எக்ஸ்ரே வாங்கி வரவும், தள்ளுவண்டியைப் பிடிக்கவும், மருந்துக்கிடங்கில் வரிசையில் நிற்கவும் நாலா திசைகளிலும் ஓடினார்கள். கற்க வேண்டிய இடத்தில் பார்வையாளர். பார்த்தால் போதுமான இடத்தில் கூலியில்லா ஆள். கற்பிப்பவர் இன்னாரென்று திட்டமாக இல்லாத இடத்தில் மாணவிக்குக் கிடைக்கக் கூடிய உத்தியோகங்கள் இவ்விரண்டுந்தாம்.

பிரசவ அறையில் இது இன்னும் கடுமையாகிறது. பட்டம் பெற இத்தனை கர்ப்பிணிகளைப் பரிசோதித்திருக்க வேண்டும், இத்தனை சுகப்பிரசவங்களைத் தம் கையால் பார்த்திருக்க வேண்டும் என்று லாக் புக்கில் எண்ணிக்கை உண்டு. பிரசவங்களோ அறுவைச் சிகிச்சையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன, கல்லூரிகளோ பெருகிக்கொண்டிருக்கின்றன. எண்ணிக்கை நிறைவதற்காக நள்ளிரவில் காத்துக்கிடக்கும் மாணவியரைப் பார்த்து இரக்கப்படுவதா, அல்லது வாழ்க்கையிலேயே மிக அந்தரங்கமான அந்த நேரத்தில், பெயர் தெரியாத பெண்கள் கூட்டமாகச் சூழ நின்று நோட்டில் குறிக்க, அவர்களை வேண்டாமென்று சொல்ல உரிமை உண்டென்றே அறியாமல் கிடக்கும் அந்தத் தாயைப் பார்த்து இரக்கப்படுவதா என்பது எனக்கு விளங்கவில்லை. "அம்மா, நான் படிக்கிற பொண்ணு, பக்கத்துல இருக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கும் பழக்கத்தை முதல் நாளே கற்பித்திருந்தால், பெரும்பாலான தாய்மார் "இரு பாப்பா" என்றே சொல்லியிருப்பார்கள். கேட்கக் கற்பிப்பதற்கும் அந்த அறையில் ஓர் ஆசிரியர் வேண்டுமே.

இத்தனைக்கும் கட்டில் போதாமையே காரணம் என்ற வாதத்தை நான் முழுவதும் ஒப்புக்கொள்வதில்லை. கல்லூரி தொடங்குவோர்க்கு நூறு படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை இருக்கவேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் காக்கப்படவேண்டும் என்று விதிகள் இருக்கத்தான் செய்கின்றன. விதி எண்ணுவது கட்டிலை. பாடம் சொல்வது கட்டிலில் கிடக்கும் மனிதர். காலியாகக் கிடக்கும் கட்டில்களைக் கொண்ட மருத்துவமனையின் கல்லூரி, நோயாளி நிரம்பி வழியும் அரசு மருத்துவமனையைத் தேடி மாணவியரை அனுப்புவது இயல்பே. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் தினமும் புதுச்சேரியை நாடி வரும் நோயாளிகளின் தொகையைப் பார்த்தால், இவ்வட்டார மாணவியர்க்குக் கற்கப் போதிய நோய்கள் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அவை சில வாசல்களில் குவிந்துகிடக்கின்றன. அந்த வாசல்களில் எந்தக் கல்லூரி எந்த வாரம் நுழையலாமென்பதைத் தீர்மானிக்க ஒரு பொதுக் கணக்கு இல்லை.

இனி, சரித்திரத்தை ஒரு முறை திரும்பிப் பார்ப்போம். ஒவ்வோர் ஆண்டும் மே 12-ஆம் தேதி பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாளை விளக்கேற்றிக் கொண்டாடுகிறோம். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பணிபுரிபவனையும் சேர்த்து நான்காக எண்ணினார் என்று அன்றைக்கு மேடையில் சொல்லாத பேச்சாளர் இல்லை. நைட்டிங்கேலின் விளக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரது கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்திருக்கலாம். கிரைமியப் போரின்போது பொதுமக்கள் நன்றியோடு திரட்டிக் கொடுத்த 44,000 பவுனுக்கும் மேற்பட்ட நிதியைக் கொண்டு 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பள்ளியை ஏற்படுத்தியபோது, தனிக் கட்டடத்துக்கும் தூண்களுக்கும் அந்தப் பணத்தைச் செலவிடவில்லை. மருத்துவமனைச் சம்பளத்துக்கு மேலாக, மாணவியரைப் பயிற்றுவதற்கென்று, வார்டு சிஸ்டர்களுக்கு அந்த நிதியிலிருந்து தனி ஊதியம் கொடுக்க ஏற்பாடு செய்தார். வார்டை ஆள்பவளே பயிற்றவும் வேண்டும், பயிற்றுவதற்குக் கூலியும் பெறவேண்டும் என்ற அந்த ஏற்பாடுதான் அவருடைய சீர்திருத்தத்தின் நாடி. அதன் பிற்காலக் குறைகளை எழுதிய சரித்திராசிரியர்கள் உண்டு. குறையோடு கூடியதாயினும் அந்தக் கொள்கையை விட்டுவிட்டு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் நாம்.

இதற்கு லண்டன் வரை போகவும் வேண்டாம். புதுச்சேரியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் வேலூர் இருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் அங்கே செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப் படிப்புகள் வேலூரிலும் டில்லியிலும் ஆரம்பமாயின. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலமாகப் பேணப்பட்டுவரும் முறை யாதெனில், செவிலியர் கல்லூரியின் ஆசிரியர்களே வார்டுகளின் செவிலியப் பணிக்கும் பொறுப்பேற்பது. காலையில் வகுப்பெடுத்தவர் மாலையில் அதே பாடத்தை நோயாளியிடம் செய்து காட்டுகிறார். செய்து காட்ட அவருக்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை, ஏனெனில் நோயாளிக்கு அவரும் பொறுப்பாளி. கல்வியும் சேவையும் ஒருவரிடமே சங்கமித்திருப்பதால் அங்கே படித்தவர்களின் கை வேறு மாதிரி இருக்கிறது என்று மருத்துவமனை நிர்வாகிகள் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மிஷன் ஸ்தாபனத்தில் சாத்தியமானது அரசு ஸ்தாபனத்தில் சாத்தியமாகாது என்பார்கள். மருத்துவப் பேராசிரியர்கள் விஷயத்தில் அது நூறாண்டுகளாகச் சாத்தியமாயிருக்கிறதே! மெடிசின் பேராசிரியர் வகுப்பும் எடுக்கிறார், தம் யூனிட்டின் நோயாளிகளையும் பார்க்கிறார். அவரை விருந்தாளியாக வார்டில் ஓரமாக நிற்கவைக்க வேண்டுமென்று யாருக்காவது தோன்றியதுண்டா?

பிரான்ஸைப் பற்றியும் ஒரு சொல். தெருப்பெயர்களிலும் போலீஸ்காரர் தொப்பியிலும் பிரெஞ்சுக்காரர்களை நினைவில் வைத்திருக்கும் நாம், அவர்களுடைய நல்ல நிர்வாக ஏற்பாடுகளைக் கவனிப்பது குறைவு. 2009-இல் அந்நாட்டரசு செவிலியர் படிப்பைத் திருத்தியமைத்தபோது, மூன்றாண்டுகளுக்குரிய 4,200 மணி நேரத்தைச் சரிபாதியாக்கி, 2,100 மணியை வகுப்புக்கும், வாரம் 35 மணி வீதம் 60 வாரங்கள் கொண்ட 2,100 மணியைக் களப்பயிற்சிக்கும் ஒதுக்கியது. அதனினும் முக்கியமாக, பயிற்சி நடக்கும் இடத்தில் மூன்று பேரின் பொறுப்பை வரையறுத்தது: பயிற்சியை ஒழுங்குசெய்பவர் ஒருவர், மாணவியின் முன்னேற்றத்தைத் தொடர்ந்து கவனித்து மதிப்பிடுபவர் ஒருவர், அன்றாடம் கூட நின்று வேலை சொல்லிக்கொடுப்பவர் ஒருவர். மூவரும் அந்த வார்டின் ஊழியர்கள். மாணவிக்கு ஆண்டுக்காண்டு உயரும் வாராந்திரப் படியும் உண்டு. பிரிட்டனிலும் 4,600 மணியில் பாதி களத்தில்தான் கழிகிறது. வெளிநாட்டுக்கு மகளை அனுப்ப ஆசைப்படும் பெற்றோர், அந்த நாடுகள் தம் சொந்தப் பெண்களை எப்படித் தயாரிக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

மொழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த ஊரைப் பற்றி எழுதியதாகாது. மாஹேயும் ஏனாமும் நம் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தவை. மலையாளம் பேசும் பெண்ணும் தெலுங்கு பேசும் பெண்ணும் இங்கே வந்து படிக்கிறார்கள். ஜிப்மருக்கோ இந்தியா முழுவதிலிருந்தும் வருகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில்; வாய்மொழித் தேர்வு ஆங்கிலத்தில்; நோயாளியோ "நெஞ்சு கரிக்குது", "மேலெல்லாம் காந்துது", "கண்ணை இருட்டிக்கிட்டு வருது", "குலை நடுங்குது" என்று பாகூர்த் தமிழிலும் மரக்காணத் தமிழிலும் சொல்கிறார். கரிப்பது இரைப்பையா இதயமா என்று பிரித்தறிவது உயிர்போகும் விஷயம். ஒன்றிலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை என்று ஆங்கிலப் புத்தகத்தை அப்படியே பெயர்த்துக் கேட்கும் மாணவியைப் பார்த்து, "எண்ணிப் பாக்கலம்மா" என்று ஒரு பெரியவர் பதில் சொன்னதைக் கேட்டு வார்டே சிரித்தது. இந்த மொழியை அவர்களுக்கு இன்று கற்பிப்பவர் யாரென்றால், பெரும்பாலும் ஆயாம்மாக்கள். கழிகலனை எடுத்துக்கொண்டு போகிறபோதே, "பாப்பா, அவருக்கு வயித்தைப் பெரட்டுதாம், தலைமாட்டுல பாத்திரம் வை" என்று சொல்லிவிட்டுப் போகும் அந்த அம்மாளுக்குப் பேராசிரியர் சம்பளத்தில் கால்வாசியாவது கொடுக்கலாம்.

சமுதாயப் பயிற்சி இவற்றினும் சற்று நன்றாக நடக்கிறது என்று சொல்லவேண்டும். ஜிப்மரின் குருசுக்குப்பம் நகர்ப்புற சுகாதார நிலையமும் இராமநாதபுரம் கிராமப்புற நிலையமும் போன்ற இடங்களிலிருந்து தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும் மாணவி, மீனவர் குடியிருப்பில் சர்க்கரை நோயாளியின் கால் விரலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும்போது, தானாக ஒரு முடிவெடுக்கும் நிர்ப்பந்தத்துக்கு ஆளாகிறாள். வார்டில் ஐந்து பேர் தோளுக்குப் பின்னால் நின்று கற்றதைவிட அதிகம் அங்கே கற்கிறாள். கூட்டம் இல்லாமையே காரணம்.

ரெக்கார்டு நோட்டுகளைப் பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஹாஸ்டலுக்குத் திரும்பியவள், சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து இருதயப் படத்துக்கு வண்ணம் தீட்டி, யாரோ ஒரு நோயாளியின் பராமரிப்புத் திட்டத்தை எழுதிக்கொண்டிருப்பது கல்வியன்று. பாதி நோட்டைக் குறைத்தால் ஒரு நஷ்டமும் வராது.

என் யோசனைகள் புரட்சிகரமானவையல்ல. புதுச்சேரிச் சுகாதாரத் துறை, தன் மருத்துவமனைகளின் ஒவ்வொரு வார்டிலும் இரண்டு மூத்த செவிலியரைப் பயிற்றுநராக நியமித்து, மாணவியர் இருக்கும் நாட்களில் அவர்களுடைய நோயாளிச் சுமையைக் குறைத்து, அதற்கொரு படியும் கொடுக்கட்டும். பணம் எங்கே என்று கேட்கக் கூடும். பயிற்சிக்காகத் தனியார் கல்லூரிகள் பிற மருத்துவமனைகளுக்குக் கட்டணம் செலுத்தும் வழக்கம் நாடறிந்தது. அந்தப் பணம் பொதுக் கஜானாவில் கரைந்துபோவதற்குப் பதில், கற்பிக்கும் கைக்குப் போய்ச் சேரட்டும். எந்தக் கல்லூரி, எந்த வாரம், எந்த வார்டு, எத்தனை பேர் என்ற அட்டவணையை எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாகத் துறையே தயாரித்து வெளியிடட்டும். ஒரு நோயாளியைச் சூழ மூன்று சீருடைகள் நிற்கக் கூடாது என்ற ஒரு விதி அதில் இருக்கட்டும். கல்லூரி டியூட்டர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது வார்டில் நோயாளிப் பொறுப்புக் கொடுக்கட்டும். ஐந்தாண்டுகளாக நோயாளியைத் தொடாத ஆசிரியர் செய்முறைத் தேர்வு நடத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. இரவு டியூட்டி முடிந்தவளை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கவைக்காமல் ஒரு வண்டியும், ஒரு வேளைச் சாப்பாடும் கொடுக்கட்டும்.

வார்டு சிஸ்டர்கள் இதை ஏற்பார்களா என்று ஓர் அதிகாரி என்னிடம் ஐயப்பட்டார். அவர்களுள் சிலர் இன்றைக்கே எந்தப் படியுமின்றிச் சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் ஒரு மாதம் இருந்த மாணவி பத்தாண்டு கழிந்தும் அவர் பெயரைச் சொல்கிறாள். மறுப்பவர்கள் மறுப்பது வேலையை அன்று. சம்பளமும் பெயரும் இல்லாத வேலையை. இதற்குச் சட்டசபையைக் கூட்டவேண்டியதில்லை. கவுன்சிலின் விதிகளுக்குள்ளேயே இவையனைத்துக்கும் இடமிருக்கிறது. துறைச் செயலாளரின் ஆணை ஒன்றும், ஆறு மாத வெள்ளோட்டத்துக்கு ஒரு மருத்துவமனையும் கிடைத்தால் போதும். மருத்துவ வார்டு ஒன்று, அறுவைச் சிகிச்சை வார்டு ஒன்று, பிரசவ அறை ஒன்று என மூன்றே இடங்களில் தொடங்கி, அங்கே பயின்றவர்களையும் பிற இடங்களில் பயின்றவர்களையும் ஒரே செய்முறைத் தேர்வில் நிறுத்திப் பார்க்கட்டும். வரும் கல்வியாண்டின் கலந்தாய்வுக்கு முன் அந்த முடிவை வெளியிட்டால், எந்தக் கல்லூரியில் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்குக் கேட்பதற்கு இன்னொரு கேள்வி கிடைக்கும்.